எந்தக் கட்டத்தில் எழுதுவது? மொரிஷியஸ் தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரின் வேட்புமனு: ஒரு நிகழ்வு ஆய்வு

2010 மே 5ஆம் தேதி மொரிஷியஸில் பொதுத்தேர்தல். அதற்கு முன்பு, ரோஸ் ஹில் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் தமிழ்க் கத்தோலிக்கர் ஒருவரை ஒரு கட்சி தன் வேட்பாளராக நிற்கச் சொல்லிக் கேட்டது. பெயர் வேண்டாம், கடைக்காரர் என்றே சொல்கிறேன். நானும் அவரும் ஒரே பங்கு, அதாவது ஒரே சர்ச்சைச் சேர்ந்தவர்கள். ஊருக்கு வேண்டிய மனுஷன். சிமெண்ட் மூட்டையைக் கடனுக்குக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் நிற்பார். தைப்பூசத்தன்று காவடி எடுத்துப் போகிறவர்களுக்குக் கடைவாசலில் தண்ணீர் வைப்பார். அப்பா காலத்திலிருந்து வரும் வழக்கம் அது.

நிற்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். வேட்புமனு கைக்கு வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வேட்பாளர் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று அதில் எழுதியாக வேண்டும். எழுதக்கூடிய விடைகள் நாலே நாலு: இந்து, முஸ்லிம், சீன மொரிஷியர், 'ஜெனரல் பாப்புலேஷன்' எனப்படும் பொது மக்கள். தமிழர் என்று தனியாக இல்லை, கிறிஸ்தவர் என்றும் இல்லை.

கட்சி ஆள் யோசிக்கவே இல்லை. "அண்ணே, பொது மக்கள்னு போடுங்க. நீங்க சர்ச்சுக்குப் போறவர்தானே. தோத்தாலும் பெஸ்ட் லூசரில் வர வாய்ப்பு இருக்கு" என்றார். சாப்பாட்டு மேசையில் கிடந்த படிவத்தைக் கடைக்காரரின் அக்கா எடுத்துப் பார்த்தார். "பொது மக்களா? நம்ம பாட்டனார் என்ன பிரான்ஸிலிருந்தா கப்பல் ஏறினார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று மேசையில் இருந்த யாரிடமும் பதில் இல்லை. கடைக்காரர் இரண்டு நாள் படிவத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் 'பொது மக்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது

இதை விளக்காமல் மேலே போக முடியாது. மொரிஷியஸ் நாடாளுமன்றத்தில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பவர்கள் 62 பேர். தீவின் 20 தொகுதிகளுக்கு மூன்று பேர் வீதம் 60, ரோட்ரிக்ஸ் தீவுக்கு 2. இதற்கு மேல் 8 இடங்கள் வரை 'பெஸ்ட் லூசர்' ஏற்பாட்டில் நிரப்பப்படும். எந்தச் சமூகத்துக்கு அதன் மக்கள்தொகையை ஒப்பிட்டால் உறுப்பினர் குறைவோ, அந்தச் சமூகத்தைச் சேர்ந்த, தோற்றவர்களில் நல்ல வாக்கு வாங்கிய வேட்பாளருக்கு இடம் போகும். 1968 சுதந்திரத்துக்குச் சற்று முன்பே செய்த ஏற்பாடு இது. சுதந்திரம் வந்த ஆண்டின் ஜனவரியிலேயே தலைநகர் போர்ட் லூயியில் இனக் கலவரம் நடந்து ஆட்கள் செத்தார்கள். சிறுபான்மையினர் பயந்ததில் நியாயம் இருந்தது. அதனால் இந்த ஏற்பாட்டைத் திட்டித் தீர்க்கிறவர்களோடு நான் முழுக்கச் சேர மாட்டேன்.

ஆனால் அரசியல் சட்டத்தின் முதல் அட்டவணையில் 'பொது மக்கள்' வகுக்கப்பட்டிருக்கும் விதம் விசித்திரமானது. ஒருவருடைய வாழும் முறையைப் பார்த்தால் மற்ற மூன்று சமூகங்களில் எதையும் சேர்ந்தவராகத் தெரியவில்லை என்றால் அவர் பொது மக்கள். அதாவது மிச்சம். ஆப்பிரிக்க அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்கள், பிரெஞ்சு வம்சாவளியினர், கலப்பில் பிறந்தவர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அதனால் பேச்சுவழக்கில் பொது மக்கள் என்றாலே கிறிஸ்தவர் என்று ஆகிவிட்டது. சட்டத்தில் அப்படி ஒரு வரியும் கிடையாது.

வாழும் முறை என்று சொல்லிவிட்டார்களே, அதை எப்படி அளப்பது? தொகுதி வாக்காளர் ஒருவர் ஆட்சேபித்தால் உச்ச நீதிமன்ற நீதிபதி அதை விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். கடைக்காரரின் வீட்டை அந்த நீதிபதி பார்த்தால் என்ன எழுதுவார் என்று நான் யோசித்ததுண்டு. கூடத்தில், இந்தத் தீவில் வாழ்ந்த பிரெஞ்சுக் குரு அருளாளர் லவால் படம், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா சுரூபம். அக்காவின் கழுத்தில் சிலுவை பொறித்த தாலி, நெற்றியில் பொட்டு. கல்யாணம் என்றால் பூசை பிரெஞ்சில், பாட்டு கிரியோல் மொழியில், சாப்பாடு வாழையிலையில் ஏழு கறி. குடும்பப் பெயர் அசல் தமிழ்ப் பெயர், பிரெஞ்சு குமாஸ்தா எழுதியதில் கொஞ்சம் வளைந்திருக்கிறது. முதல் பெயர் புனிதர் பெயர். இதில் எதை எடுத்து எந்தக் கட்டத்தில் வைப்பது?

தமிழ்ப் பக்கமும் கதவு நேராகத் திறந்திருக்கவில்லை. தேர்தல் சட்டப்படி தமிழர் இந்து சமூகத்துக்குள் அடக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ, மதம் என்ன என்ற கேள்விக்கு 'தமிழ்' என்பதே ஒரு விடையாக வருகிறது. மொரிஷியஸில் ஒருவர் 'நான் தமிழ்' என்றால் முருகனைக் கும்பிடுகிறவர் என்றே கேட்பவருக்குப் புரியும். எங்களைப் போன்றவர்களுக்கு ஊரில் 'தமூல் பத்திசே' என்று பெயர், ஞானஸ்நானம் வாங்கிய தமிழர் என்று. எந்தப் படிவத்திலும் அந்தப் பெயருக்கு இடம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிக் கப்பல்களின் பட்டியலிலாவது சாதி எழுதும் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதுவும் அபத்தம்தான், ஆனால் ஆளைக் காணாமல் போக்கவில்லை.

கையெழுத்துப் போட்ட பிறகு

தேர்தலில் அவர் தோற்றார். பெஸ்ட் லூசர் இடமும் கிடைக்கவில்லை. அது பெரிய விஷயம் இல்லை, அவரே இரண்டு வாரத்தில் மறந்துவிட்டார். கடைக்குச் சரக்கு வர வேண்டியிருந்தது.

மறக்க முடியாமல் போனது வேறு இரண்டு பேச்சுகள். முதலாவது பங்கில். பூசை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் அவர் தோளைத் தட்டி, "இப்பதான் நீ முழுசா நம்ம ஆள்" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். ஐம்பது வருஷமாக அதே சர்ச்சில் ஞானஸ்நானம், புதுநன்மை, கல்யாணம் எல்லாம் ஆனவர் இவர். வேட்புமனுவில் எழுதிய இரண்டு சொல்லால்தான் முழுசாக ஆனாராம்!

இரண்டாவது, தமிழ் மொழி வகுப்பு நடத்தும் குழு ஒன்றில். அந்தக் குழுவுக்குப் பல வருஷமாக நாற்காலி, பெயிண்ட், விளக்கு எல்லாம் இவர் கடையிலிருந்துதான் போகும். ஆண்டு விழாவுக்கு யாரை மேடையேற்றுவது என்ற பேச்சில் இவர் பெயர் வந்தபோது ஒருவர் சொன்னாராம்: "அவர் தமிழர் இல்லைன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டாரே." வேட்பாளர் எந்தச் சமூகம் என்பது ஊருக்குத் தெரியும் விஷயம், ஒளிக்க முடியாது. கடைக்காரர் கோபப்படவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல் நாற்காலி அனுப்பினார். ஆனால் விழாவுக்குப் போகவில்லை.

நான் போய்ப் பேசினேன். தமிழில் முதன்முதலாக அச்சேறிய புத்தகங்களில் முன்னே நிற்பது 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', கிறிஸ்தவ மறைக்கல்விப் புத்தகம். வீரமாமுனிவர் சதுரகராதி தொகுத்தார். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக இசையில் கீர்த்தனை எழுதினார். தமிழுக்கும் கிறிஸ்தவத்துக்கும் பகை கிடையாது என்று வரிசையாக அடுக்கினேன். குழுவில் இருந்த ஒரு ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, அதெல்லாம் இந்தியாவில். இங்கே உங்க சர்ச்சில் தமிழில் ஒரு ஜெபம் நான் கேட்டதில்லையே" என்றார்.

இந்த ஆய்வு முழுவதிலும் எனக்கு மிகக் கனமாகப் பட்டது அந்த ஒரு வாக்கியம்தான். அவர் சொன்னது உண்மை. தீவில் பூசை பிரெஞ்சிலும் கிரியோலிலும் நடக்கிறது. தமிழ்க் குடும்பங்களிலும் வீட்டு மொழி பெரும்பாலும் கிரியோல்தான், இந்துக்களுக்கும் அப்படியே. ஆனால் இந்துத் தமிழருக்குக் கோவிலில் தேவாரம் காதில் விழுகிறது, பொருள் முழுக்கத் தெரியாவிட்டாலும் ஓசை தெரியும். தமிழ்க் கிறிஸ்தவருக்கு அந்த ஓசையும் இல்லை. கடைக்காரர் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பும் மறைக்கல்வியும் ஒரே மணி நேரத்தில் நடந்தன. பையன்கள் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு அறைக்குப் போவார்கள். அவர் மறைக்கல்வி அறைக்குப் போனார். அக்கா பிடிவாதமாகத் தமிழ் அறைக்குப் போனார். அதற்காகப் பங்கில் திட்டு வாங்கினார். வேட்புமனுவில் கட்டம் போட்டது சட்டம் என்று நாம் சொல்கிறோம். அந்தக் கட்டத்தை அவருக்கு ஏழு வயதிலேயே பழக்கிவிட்டிருந்தார்கள்.

விசுவாசத்தின் பக்கம்

நம் சபைகளில் 'நீங்கள் கிறிஸ்துவின் ஸ்தானாபதிகள்' என்ற பிரசங்கத்தைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 5ஆம் அதிகாரம். உன்னைப் பார்த்துத்தான் உலகம் கிறிஸ்துவைத் தெரிந்துகொள்ளும், ஆகவே ஒழுங்காக இரு என்று அறிவுரை வரும். நல்ல அறிவுரை. ஆனால் அந்த வசனத்தில் ஸ்தானாபதிக்குக் கொடுத்திருக்கும் வேலை ஒப்புரவாக்குவது. எங்கள் ஆட்கள் இத்தனை பேர், எங்களுக்கு இத்தனை இடம் வேண்டும் என்று கணக்குக் கொடுப்பது அங்கே சொல்லப்படவில்லை.

மொரிஷியஸ் கிறிஸ்தவர்களில் பலர், எங்கள் பெரியவரைப் போல, இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டோம் என்பது என் கணிப்பு. பொது மக்கள் என்ற அரசியல் மூட்டைக்குள் கிறிஸ்தவம் பத்திரமாக இருப்பதாக நினைக்கிறோம். அந்த மூட்டையில் தன்னை நாத்திகர் என்று சொல்கிறவரும் இருக்கலாம், சட்டத்துக்குக் கவலை இல்லை. வேட்பாளர் இயேசுவை நம்புகிறாரா என்று யாரும் கேட்கப் போவதில்லை. அப்படிப்பட்ட சொல்லைப் போட்டதற்காக ஒருவரை 'முழுசா நம்ம ஆள்' என்று தட்டிக்கொடுத்தால், நாம் விசுவாசத்தை என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அதுவே காட்டிவிடுகிறது.

வேதத்தில் பார்த்தால், அந்தியோகியாவில் சீஷர்களுக்குக் 'கிறிஸ்தவர்கள்' என்ற பெயர் 'வழங்கிற்று' என்றே அப்போஸ்தலர் 11 சொல்கிறது. அவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட பெயர் என்று அங்கே இல்லை. ஊர் வைக்கும் பெயரை அவர்கள் தடுக்கவும் இல்லை, அதையே கொடியாகப் பிடித்துக்கொண்டு அலையவும் இல்லை. பவுலைப் பாருங்கள். எருசலேமில் கூட்டம் அடிக்க வந்தபோது படைத்தலைவனிடம் தான் தர்சு பட்டணத்து யூதன் என்கிறார், கூட்டத்திடம் எபிரெய மொழியில் பேசுகிறார், வாரினால் கட்டி அடிக்கப் போகும்போது ரோமக் குடிமகன் என்கிறார். மூன்றும் உண்மை. தேவைப்பட்ட இடத்தில் தேவையானதைச் சொன்னார். ரோமன் என்று சொன்னதால் யூதன் இல்லை என்று ஆகிவிடாது என்பதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை.

கடைக்காரர் பொது மக்கள் என்று எழுதியதை நான் குறை சொல்ல மாட்டேன். இந்து என்று எழுதியிருந்தால் பங்கில் புயல் வந்திருக்கும். எழுதாமல் விட்டிருந்தால் மனுவே தள்ளுபடி ஆகியிருக்கும். அந்த வழியில் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. 'ரெசிஸ்தான்ஸ் எக் ஆல்தர்னதிவ்' என்ற இடதுசாரி இயக்கத்தினர் சமூகத்தை அறிவிக்க மறுத்ததால் அவர்கள் மனுக்கள் தள்ளுபடி ஆயின. அவர்கள் 2007இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் போனார்கள். 2012 ஜூலையில் குழு தன் முடிவைச் சொன்னது. பெஸ்ட் லூசர் கணக்குக்கு அடிப்படை 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.  அதற்குப் பிறகு கணக்கெடுப்பில் சமூகம் கேட்கப்படவே இல்லை. புதுப்பிக்காத பழைய எண்களை வைத்துக்கொண்டு வேட்பாளரைச் சமூகம் சொல்லக் கட்டாயப்படுத்துவது தன்னிச்சையானது, தேர்தலில் நிற்கும் உரிமையை மீறுகிறது என்றது குழு.

அதன் பிறகு 2014 தேர்தலுக்கு மட்டும் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது: விருப்பம் இல்லாதவர் சமூகத்தை எழுத வேண்டாம், ஆனால் பெஸ்ட் லூசர் இடத்துக்கு அவர் பெயர் எடுத்துக்கொள்ளப்படாது. அப்போது மறுபடியும் கடைக்காரரைக் கேட்டார்கள். எழுதாமல் நிற்பதானால் நிற்கிறேன் என்றார். கட்சி ஆள் கொஞ்ச நேரம் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அப்படின்னா வேற ஆளைப் பார்க்கிறோம் அண்ணே" என்று கிளம்பினார். ஒளிவுமறைவு இல்லாத மனுஷன், அந்த வகையில் எனக்கு அவரைப் பிடிக்கும்.

பக்கத்துத் தீவு

சில நண்பர்கள், அரசு எதுவும் கேட்காமல் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். கேட்காத இடம் சுமார் இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரெயூனியன் பிரான்ஸின் பகுதி. அங்கே கணக்கெடுப்பில் மதமும் இனமும் கேட்கப்படுவதில்லை. தமிழ் வம்சாவளியினரை அங்கே மல்பார் என்பார்கள். பலருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கோவில் பெயர் ஒன்று. பூசைக்கும் போவார்கள், தீமிதிக்கும் போவார்கள். சாலையோரச் செந்நிறச் சிறு கோவில்களில் புனித எக்ஸ்பெடித்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் அவர்களும் உண்டு. கரும்புத் தோட்டக் காலத்தில் திருச்சபையின் நெருக்குதலில் வந்த ஞானஸ்நானம் பல குடும்பங்களில் இப்படித்தான் நிலைத்தது. படிவம் இல்லாத இடத்திலும் 'நீ யார்' என்ற கேள்வி போய்விடவில்லை. பங்குத்தந்தையும் பூசாரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே படிவத்தை ஒழித்தால் போதும் என்று நான் நம்பவில்லை.

எங்கள் தீவிலேயே வேறு ஒரு காட்சி உண்டு. செப்டம்பர் 8 இரவு, போர்ட் லூயியின் சாந்த் குருவாவில் லவால் அடிகளார் கல்லறைக்கு ஜனம் நடந்தே வரும். பிரெஞ்சு மருத்துவராக இருந்து குருவானவர் அவர். 1841இல் இங்கே வந்து, விடுதலையான அடிமைகளோடு அவர்கள் கிரியோலிலேயே பேசி வாழ்ந்து, 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். அந்த வரிசையில் இந்துத் தமிழர்களும் முஸ்லிம்களும் நிற்பார்கள். அதே வட்டாரத்தில்தான் கைலாசம் எனப்படும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோவிலும் இருக்கிறது. லவாலை யாரும் எந்தக் கட்டத்திலும் போட்டுப் பார்த்ததில்லை. வேற்று நாட்டு வெள்ளைக்காரர் ஒருவர் இவ்வளவு பேருக்குச் சொந்தமானதற்குக் காரணம், அவர் கேட்பவர்களின் மொழியில் பேசினார் என்பது. தமிழருக்கு அந்த வேலையை எங்கள் பங்கு செய்யவில்லை. அந்த ஐயாவின் வாக்கியம் சுட்டியது அதைத்தான்.

இப்போது

கடைக்காரரும் அக்காவும் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமை மதியம் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கினார்கள். அக்கா பள்ளியில் அடம்பிடித்துப் படித்த தமிழ் இப்போது பயன்பட்டது. பங்குக் குழுவில் எதிர்ப்பு வந்தது: இது சர்ச்சா, கோவிலா? பங்குத்தந்தை சாவியைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பேசலாம் என்றார். முதலில் வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகள். கிறிஸ்தவப் பெற்றோர் சிலர் இன்னும் தயங்குகிறார்கள். தமிழ் படித்தால் பிள்ளை கோவிலுக்குப் போய்விடும் என்ற பயம். அந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது, அவர்கள் பார்த்த குடும்பங்களில் அப்படி நடந்திருக்கிறது. அக்கா அவர்கள் வீட்டுக்கே போய், 'பரலோகத்திலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும் ஜெபத்தைத் தமிழில் சொல்லிக் காட்டிவிட்டு வருவார். சிலர் பிள்ளையை அனுப்பினார்கள், சிலர் அனுப்பவில்லை.

பாடப்புத்தகத்தில் தீபாவளி உண்டு, தைப்பூசம் உண்டு, கிறிஸ்துமஸ் இல்லை. அக்கா தானே ஒரு பக்கப் பாடம் எழுதினார்: மாட்டுத்தொழுவம், இடையர்கள், பாலன் பிறப்பு, கடைசியில் ஐந்து கேள்விகள். ஒரு இந்துத் தாய் அதைப் படித்துவிட்டு, பாடம் நன்றாக இருக்கிறது, ஆனால் இடையர்களுக்கு வானதூதர் சொன்ன வரி பிள்ளைகளுக்குக் கடினம், கொஞ்சம் எளிதாக்குங்கள் அக்கா என்றார். எளிதாக்கினார்கள். டிசம்பரில் பள்ளி விடுமுறை என்பதால் பாடத்தை நவம்பர் முதல் வாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.